என் எடைக்கேற்ற ஸ்னோபோர்ட்

அன்புள்ள உம்மாவுக்கு, ஸலாம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? வாப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? அல்லாஹ்வின் அருளால் நான் நலம்.

ஞாயிற்றுக்கிழமை, என்னோடு மருந்துக்கடையில் வேலை செய்யும் அட்சயா என்னை ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு பனிமலைக்குக் கூட்டிப் போனாள். இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு சறுக்குகிறார்கள், அதுதான் ஸ்னோபோர்ட். வாடகைக்குக் கொடுப்பவர் என் உயரத்தைப் பார்த்து, நெஞ்சளவுப் பலகை ஒன்றை நீட்டினார்.

"உயரம் மட்டும் காணாது அக்கா, வெயிட்டும் சொல்லோணும்," என்றாள் அட்சயா. "கட்டைப் போர்ட் எண்டா திருப்ப ஈசி. ஆனா பாரம் கூடினா அது தாங்காது. வேகமா ஓடுற ஆக்களுக்குத்தான் நல்ல நீளம் வேணும்."

கூசிக்கொண்டே எடையைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, உம்மா. அந்த மனிதர் தலையசைத்துவிட்டு, நெஞ்சைத் தாண்டி என் நாடியைத் தொடும் உயரமான பலகை ஒன்றை எடுத்துத் தந்தார். கல்யாணப் பேச்சுகளில் குறையாகச் சொல்லப்பட்ட என் உடம்பு, அங்கே வெறும் அளவுதான்.

பலமுறை விழுந்தேன். கையில் சின்ன வீக்கம், அவ்வளவுதான், பயப்படாதீர்கள். பிறகு ஒருமுறை விழவில்லை. பலகை என்னைத் தாங்கிக்கொண்டது. மலையும் மரங்களும் வானமும் வெள்ளையாய் விரிந்து கிடக்க, நான் அவற்றின் நடுவே வழுக்கிப் போய்க்கொண்டிருந்தேன். பனி உரசும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். கீழே வந்து நின்றபோதுதான் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது.

சம்பலுக்கு மாசித்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். போனில் பேசி முடிந்ததும் உடனே வைத்துவிடாதீர்கள். நீங்கள் சமைக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கட்டும்.

வேலைக்குப் போக நிறுத்தத்தில் நின்றுதான் இதை எழுதுகிறேன், பஸ் வருகிறது. துஆவில் என்னை மறவாதீர்கள்.

உங்கள் மகள்
முர்ஷிதா