குரல்நாண்களுக்கு ஓய்வு

ஜனவரி 20, திங்கள்

ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போதே தொண்டை கட்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள் வெந்நீர் பாட்டில் காலி.

கல்லூரியில் முதலாமாண்டுக்கு ஆங்கில மெய்யொலிகள். வாயில் எங்கே பிறக்கிறது, காற்று அடைபட்டு வருகிறதா உரசி வருகிறதா, குரல்நாண் அதிர்கிறதா — இவற்றைக் கேட்டாலே ஒவ்வொரு ஒலிக்கும் வகை கிடைத்துவிடும். எஸ்ஸுக்கும் இஸட்டுக்கும் நாக்கு நிற்கும் இடம் ஒன்று, உரசலும் ஒன்று. அதிர்வு மட்டும்தான் வேறு. தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். என் இஸட்டில் அதிர்வே இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மதியம் துறைத்தலைவர் தங்கபாய் மேடம் தன் பீரியடுகளையும் என் தலையில் கட்டினார். எனக்குத்தான் கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரலாம்.

பிப்ரவரி 3

ஐந்து பீரியடு. வீட்டுக்கு வந்தபோது குரலே இல்லை.

பிப்ரவரி 8, சனி

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல்நாண் இரண்டிலும் காய்ப்பு, உள்ளங்கையில் விழுவது மாதிரி. மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாதாம்.

மூன்று வாரம் லீவா? நான் தற்காலிக ஆசிரியை. ஒரு வாரம் போகாவிட்டாலே என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் தோன்றியது. அதிராத ஒலிகளுக்குக் குரல்நாண்கள் விலகிச் சும்மா நிற்கும். கிசுகிசுத்தாலும் அதிர்வு கிடையாது. அப்படியானால் கிசுகிசுப்பதும் ஓய்வுதானே? பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒருவழியாக எனக்கும் உதவப்போகிறது. கன்னத்தோரம் மாட்டும் மைக் ஒன்று வாங்கிவந்தேன்.

பிப்ரவரி 13

உயிரொலிகள். நாக்கு எவ்வளவு உயர்கிறது, முன்பக்கமா நடுவா பின்பக்கமா, உதடு குவிகிறதா. உயிரொலிகள் அத்தனையும் அதிர்வொலிகள் என்பதை மைக்கில் கிசுகிசுத்தே சொன்னேன். சோழபுரத்திலிருந்து வரும் நாகஜோதி எழுந்து, நான் சொல்லச் சொல்ல உரக்கச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

மார்ச் 1, சனி

காய்ப்பு கூடியிருக்கிறது. கிசுகிசுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். என் கணக்கைச் சொன்னேன், அதையும் கிசுகிசுத்துத்தான். முழுவதும் கேட்டார்.

"அது சும்மா நிக்கலைம்மா, இறுகிப் போயில்லா நிக்கிது. இனியும் பேசுனா கத்தி வைக்கணும். பொறவு பழைய குரல் வருமான்னு கேட்டா எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். கிசுகிசுப்பை அதிராத ஒலிகளோடு சேர்க்கவில்லை. தனி வகையாகவே பிரித்திருக்கிறது. தேர்வில் கேட்கமாட்டார்கள் என்று வருஷா வருஷம் நான் தாண்டிப்போகும் பக்கம். கூறுகெட்டவள்.

மார்ச் 5

முந்தாநாள், லீவு வேண்டும் என்று மேடத்திடம் எழுதிக் காட்டினேன். முன்னாடியே சொல்லக் கூடாதா என்று வருத்தப்பட்டார். மறுநாளே சாம்சன் என்று ஒருவரைப் போட்டுவிட்டாராம். மேடத்தையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மறுநாளேவா?

மார்ச் 19

பேசாத வீடு. என் கணவர் சுப்புராஜுக்கு என் உதட்டசைவே போதும். நூல் மில் இரைச்சலில் அப்படிப் பழகியவர். இன்று சாப்பிடும்போது சொன்னார்: "வேலை போனா போகுது சித்ரா. நீ சத்தம் போடாம இந்த வீட்ல இருக்க முடியல."

அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

ஏப்ரல் 5, சனி

டாக்டர் 'ஆ' சொல்லச் சொன்னார். வந்தது. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் என்னுடையது. கத்தி வேண்டாம். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு வகுப்புக்கு மேல் கூடாதாம்.

ஏப்ரல் 9

மேடம் போன் செய்தார். சாம்சனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதாம். நாளையிலிருந்தே வரவேண்டும், பரீட்சை வரை மேடத்தின் பீரியடுகளையும் சேர்த்து. ஒரு மாதமாக இந்த அழைப்புக்குத்தான் காத்திருந்தேன்.

"ஒரு நாளைக்கு ஒரு பீரியடுன்னா வாரேன் மேடம்."

"அப்படியெல்லாம் டைம்டேபிள் போட ஏலாதும்மா."

"அப்ப நான் வரல மேடம்."

போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதேன்.