பாப்பா பிறந்த வருடத்துக் காசுகள்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கத்துடன் உன் மகள் எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? நான் நலம், கோபம்தான் இன்னும் அடங்கவில்லை.

ஓட்டல் சலவைப் பிரிவில் என்னோடு இருப்பவர்கள் விடுமுறைக்குப் போனால், பாப்பா பிறந்த வருடம் பொறித்த காசு ஒன்றை அவரவர் நாட்டிலிருந்து கொண்டுவந்து தருவார்கள். பதினேழு நாட்டுக் காசு சேர்ந்திருந்தது. நேற்று மேற்பார்வையாளன் என் அலமாரியைச் சோதித்தான். விருந்தினர் சட்டைப்பைகளிலிருந்து திருடியது என்று எல்லாவற்றையும் நன்கொடை உண்டியலில் கொட்டிவிட்டான். அவனும் நம் மொழி பேசுகிறவன்தான்!

எனக்கு வந்ததே ஆத்திரம், உண்டியலை அப்படியே மேஜைமேல் கவிழ்த்தேன்.

"சில்லறைக்கா இந்த ஆட்டம் ஆடுற?"

"எல்லாத்துலயும் என் பொண்ணு பொறந்த வருஷம் சார். திருடுறவ வருஷம் பாத்துப் பாத்தா திருடுவா?"

சுற்றி நின்றவர்கள் தாங்கள் தந்ததைத் தாங்களே பொறுக்கிக் கொடுத்தார்கள். அந்த ஆள் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் என் பக்கம் நின்றதால் வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதே.

நம் நாட்டுக் காசு மட்டும் என்னிடம் இல்லை. அந்த வருடத்ததாகத் தேடி அனுப்பு. அனுப்புமுன் பாப்பாவிடம் அந்தக் காசைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கச் சொல். வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உன் மகள்