ஒரே நொடியில் இரண்டு குரல்கள்

உன் மகளிடம் இனிப் பறக்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? காலையிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள நான் வெட்கப்பட்டதில்லை, உனக்கே தெரியும்.

அவள் என் வீட்டுக் கூடத்தில் தூங்குகிறாள். அரூரில் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வாசலில் கழற்றிப் போட்ட அவளுடைய ஷூவிலிருந்து விமானப் பெட்ரோல் வாடை வருகிறது. லேஸ் முழுக்கப் புல்லின் முள். தார் ஓடுபாதையில் இறங்க வேண்டியவள் ஏன் புல்லுக்குள் போனாள் என்பதை உனக்குச் சொல்ல உட்கார்ந்தேன்.

நீ சொல்லிக்கொடுத்த அதே விமானப் பயிற்சிப் பள்ளி, அதே ஓடுபாதை. இன்னும் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. இறங்கு, காத்திரு என்று சொல்ல மேலே யாரும் இல்லை. ஒவ்வொரு விமானியும் தான் எங்கே இருக்கிறேன், என்ன செய்யப்போகிறேன் என்பதைப் பொது அலைவரிசையில் தானே சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்டு ஒதுங்க வேண்டும். சனிக்கிழமைகளில் நான் அங்கே வானிலை வகுப்பு எடுப்பதும் தொடர்கிறது. நீ இழுத்துவிட்ட வேலை. நீ போன பிறகு நிறுத்த நினைத்தேன், முடியவில்லை.

என்னை முதல்முறை மேலே கூட்டிப்போனாயே, நினைவிருக்கிறதா? தீர்த்தமலை இடப்பக்கம் வந்ததும் நீ மைக்கில் பேச ஆரம்பித்தாய். திருப்பத்துக்குத் திருப்பம் அறிவிப்பு. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு பருந்துகூட இல்லை.

"யாருகிட்டடி பேசற?"

"யாராச்சும் இருந்தா கேக்கட்டும். இல்லாட்டி நமக்கென்ன நட்டம்?"

"சரி, இன்னொருத்தரும் இதே நொடியில பேசினா? பேசறப்ப உன்னால கேக்க முடியாதுல்ல? அவங்களுக்கும் அதே கதைதான?"

நீ சிரித்தாய். "எங்கப்பா தக்காளி மண்டிக்கு வந்து பாரு. பத்துப் பேரு ஒண்ணா கத்துவாங்க. அவருக்கு அத்தன வெலையும் காதுல வுழும்."

"காது வேற, ரேடியோ வேற."

"ஒரே நொடியிலயாம்! போடி. பிசிக்ஸ் படிச்சவளுக்கு எதுலயாச்சும் ஒரு ஓட்டை இருந்தே ஆகணும்."

பாலக்கோட்டு மண்டிக் குரலால் கல்லூரி விடுதியையே எழுப்பியவள் நீ. உன்னோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. அன்றும் நான் விட்டுவிட்டேன்.

இன்று காலை உன் மகள் தனியாகப் பறந்தாள். காற்று இல்லை, திசைகாட்டும் துணிக்குழாய் கம்பத்தோடு தொங்கிக் கிடந்தது. காற்று இல்லாவிட்டால் நம் ஆட்கள் மேற்கு நோக்கி இறங்குவதுதான் பழக்கம். அது பழக்கம்தான், சட்டமில்லை. முந்தின நாள் வந்து தங்கியிருந்த ஒரு பெங்களூர்க்காரருக்கு அது தெரியாது. அவர் தன் விமானத்தை மேற்கு முனையில் நிறுத்தியிருந்தார். அவர் போக வேண்டிய ஊர் கிழக்கே இல்லை என்றாலும், நின்ற இடத்திலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்புவது அவருக்கு எளிது. எதிரே வெயில். ஓடுபாதையின் நடுவில் இருக்கும் மேட்டை நீ அறிவாய்: ஒரு முனையில் தரையில் இருப்பவருக்கு மறுமுனை தெரியாது.

நான் அலுவலக ஜன்னலோரம் இருந்தேன். அங்கே இருக்கும் ரேடியோப் பெட்டி கேட்க மட்டும்தான், அதில் பேச முடியாது. அவள் கடைசித் திருப்பத்தையும் முடித்து நேராக இறங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அறிவிப்பாள் என்று காத்திருந்தேன். பெட்டியிலிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தது. தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி. பிறகு அமைதி.

அந்த அமைதியின் பொருள் எனக்குப் புரிந்தபோது அவளுடைய சக்கரம் தரையைத் தொட்டிருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு எஞ்சின் முழு வேகத்தில் கத்தியது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைத் தவிர நான் செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை.

மேட்டின் உச்சியில் அவருடைய விமானத்தின் மூக்கு தெரிந்ததும் உன் மகள் வலப்பக்கம் புல்லுக்குள் திருப்பினாள். அவர் அந்த இடத்திலேயே விமானத்தைத் தூக்கினார். அவளுடைய இறக்கைக்கு மேலே அவருடைய சக்கரம் போனது. எவ்வளவு உயரத்தில் என்று இருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி நேராக அவளிடம் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னம்மா, ரேடியோவ அணைச்சு வெச்சிருந்தியா?"

"நான் சொன்னேங்க. எல்லாத் திருப்பத்துலயும் சொன்னேன்."

"நான் ரேடியோ போட்டப்பறம் ஒரு சத்தமில்ல. கெளம்பறேன்னு சொன்னேன், யாரும் பதில் பேசல. ஓடுபாதை காலின்னு நெனச்சேன்."

தலைமைப் பயிற்றுநர் ஓடிவந்தார். அவருக்கு யாரையாவது திட்டியாக வேண்டும். "கடைசியில சொல்லாம எறங்கினியா? நெசத்தச் சொல்லு. இதுக்கு உன் பயிற்சியவே நிறுத்தணும், தெரியும்ல?"

"சொன்னேங்க சார்." சொன்னோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதை முகத்தில் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் சொன்னாங்க," என்றேன். "ஒரே நொடியில சொன்னாங்க. அதனாலதான் ரெண்டு பேருக்கும் கேக்கல. எனக்குக் கீச்சுன்னு மட்டும் கேட்டுச்சு."

பெங்களூர்க்காரர் அப்படியே தாரில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது. இப்படிச் சரியாக இருப்பதை நான் விரும்பவில்லை. யாராவது தவறு செய்திருந்தால் திருத்தலாம், திட்டலாம், விலக்கலாம். இங்கே இருவரும் விதிப்படி பேசிவிட்டு, கிடைத்த அமைதியைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். நீயாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாய். இத்தனை வருடம் நீ வானத்தில் ஒரு கீறல்கூட வாங்காமல், கடைசியில் சிறுநீரகம் கெட்டுக் கட்டிலில் உயிரை விட்டாய். அது உன் திறமை என்றே நம்பியிருந்தேன். எத்தனை முறை உன் குரலும் யாருக்கும் கேட்காமல் போயிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

கண் விழித்ததும் அவளிடம் சொல்லிவிடப் போகிறேன். போதும் என்று.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் அவள் இரண்டு தோசை சாப்பிட்டாள். நான் வாய் திறப்பதற்குள், "சின்னம்மா, நீங்க சொல்லாட்டி தப்பு என்னோடதுன்னு நானே நம்பியிருப்பேன்," என்றாள். பிறகு, "என்னக் கொண்டுபோய் வுடறீங்களா?" என்றாள். கொண்டுபோய் விட்டேன்.

பள்ளியில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். காற்று இல்லாத நாளில் மேற்கு நோக்கி மட்டும்; வெளியூர் விமானிகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது; பதில் வராவிட்டால் சற்று நிறுத்தி மறுபடியும் சொல்வது. இனி இரண்டு குரல்கள் மோதவே மோதாது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன்.

உன் மகள் பறக்கவில்லை. நிறுத்தியிருந்த விமானத்தில் ஏறி ரேடியோவை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பெங்களூர்க்காரர் ஊருக்குக் கிளம்பினார். மேற்கு நோக்கிக் கிளம்புவதாக அறிவித்தார். ஒரு மூச்சு நேரம் விட்டு, அவள் தான் நிற்கும் இடத்தைச் சொல்லி, "கேட்டதுங்க சார்" என்றாள். அவர் போனார்.

அவள் விமானத்தைவிட்டு இறங்கவில்லை. அடுத்த விமானம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.