நடு உறுப்பைப் பிரிக்க மாட்டேன், எஸ்தர்

என் பிரியமுள்ள எஸ்தர்,

ரிசல்ட் வந்துவிட்டது. நீ பத்தாம் வகுப்பு பாஸ், எல்லாப் பாடத்திலும். பரீட்சை முடிந்த கையோடு காய்ச்சலில் போய்விட்டாய். இதைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும். உன் மார்க்கை என் தம்பி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறான். உன்னோடு தனித்தேர்வராக எழுதிய நான் கணக்கில் மட்டும் ஃபெயில்.

சிரிக்காதே. 6x² + x − 12 என்பதைக் காரணிப்படுத்தச் சொன்னார்கள். நீ நடு உறுப்பைப் பிரித்திருப்பாய். பெருக்கினால் −72, கூட்டினால் 1 வர வேண்டும்; 9, −8 என்று உனக்கு உடனே கண்ணில் பட்டிருக்கும். எனக்குப் படாது. நான் சூத்திரம் போட்டேன். x-க்கு 4/3, −3/2 என்று வந்தது. அதில் ஒரு தப்பும் இல்லை.

விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தலைத் தரம் பார்த்துப் பொறுக்கிக்கொண்டே நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? மண்ணில் x² − 49 என்று எழுதினாய். நான் அதற்கும் சூத்திரத்தை ஆரம்பித்தேன்.

“ஏழோட வர்க்கம்னு பாத்தாலே தெரியுதே மதினி. இதுக்குப் போயி இம்புட்டு நீளமா?”

“ஏட்டி, எங்கிட்ட ஒரே வழிதான். எந்தக் கணக்கு வந்தாலும் நிக்கும். நீ எந்த வழின்னு தேடுததுக்குள்ள மணி அடிச்சிருவான்.”

“வத்தல மட்டும் ஒண்ணொண்ணாப் பாத்துப் பொறுக்குதீங்க. கணக்க ஏன் பாக்காமப் போடுதீங்க?”

எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று பழைய புத்தகத்தில் நானே படித்துப் புரிந்துகொண்டேன். அதை எப்படி விடுவேன்?

கோவில்பட்டியில் டியூஷன் எடுக்கும் டீச்சரிடம் என் விடையை எழுதிக் காட்டினேன்: (x − 4/3)(x + 3/2).

“இதப் பெருக்குங்கம்மா. எத்தன x² வருது?” என்றார்.

ஒன்றுதான் வந்தது. முன்னால் போட வேண்டிய 6-ஐ விட்டிருக்கிறேன். காரணி கேட்ட இடத்தில் மூலம் சரியாக இருந்து பிரயோஜனமில்லையாம். இது நியாயமா, எஸ்தர்? நேரம் போதாமல் கடைசிப் பக்கத்தை விட்டதை அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

நீ ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் திரும்பப் பெருக்கிப் பார்ப்பாய். “போட்டதுல ஒனக்கே நம்பிக்க இல்லையாட்டி?” என்று கேலி செய்வேன். நீ தலை நிமிராமல் பெருக்கிக்கொண்டே இருப்பாய்.

துணைத்தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டேன். இந்தத் தடவை பஸ்ஸில் தனியாகத்தான் போகவேண்டும். நடு உறுப்பைப் பிரிக்க மாட்டேன். அது உன் வழி. x² − 49 மாதிரி வந்தால் யோசிக்கிறேன். ஆனால் எந்த விடையையும் திரும்பப் பெருக்கிப் பார்க்காமல் அடுத்த கணக்குக்குப் போக மாட்டேன். ஒவ்வொரு கணக்குக்கும் கீழே அந்த ஒரு வரி இருக்கும். அது நீ போட்ட வரி.

என் தம்பிக்கு அக்கா, உனக்கு என்றைக்கும் மதினி,
ஞானம்மாள்