ஒரே கூஜாவைப் பிடிக்கணுமாம்

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவது போல் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் புத்த விகாரையில் தமிழ் வகுப்பு. காற்றாடி ஒன்றுதான் ஓடியது, அதுவும் வகுப்பு நடத்தும் தேவா அங்கிள் பக்கம்.

இன்றைய பழமொழி: குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை. அங்கிள் (ஓய்வு பெற்ற என்ஜினியர், தர்மத்தையும் தண்ணீர்க் குழாய் மாதிரிதான் விளக்குவார்) இதற்குள் மைத்திரி என்ற அன்பு இருக்கிறது, பொறுமை இருக்கிறது என்றார். என்னைப் பார்த்துக்கொண்டே.

இந்தப் பழமொழியைக் குற்றம் செய்யாத ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

விகாரை போடும் விசாக மலரின் தமிழ்ப் பக்கம் என் தலையில். பழமொழிகளும் புத்தர் போதனையும். பாடநூல் எடிட்டர் என்றால் எல்லாருக்கும் சும்மா எழுதித் தருவாள் என்று நினைப்பு.

சனிக்கிழமை அம்மாவின் முதல் வருட நினைவு. விகாரையில் தானம், பிக்குகளுக்குச் சாப்பாடு. என் பெயரில் மட்டும். வாங்க: வெள்ளைத் தாமரை, வாழைப்பழம், பொன்னி அரிசி, டிஷ்யூ.

ஏப்ரல் 22, செவ்வாய்

அங்கிள் என் அண்ணனுக்குப் போன் பண்ணித் தானத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார், நேரத்தை என்னிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லி. என்னைக் கேட்காமல். அம்மா சாவு வீட்டில் வாங்கி வைத்த நம்பராம்.

"பிள்ளைங்க எல்லாரும் ஒரே கூஜாவப் புடிச்சுத் தண்ணி ஊத்தணும்மா. அப்பத்தான் அம்மாவுக்குப் புண்ணியம் போய்ச் சேரும்."

"அவன் கை பட்ட தண்ணி அம்மாவுக்கு வேணாம் அங்கிள்."

"கோபத்தோட ஊத்துனா மட்டும் போய்ச் சேருமா?"

போனை வைத்துவிட்டேன்.

பிக்குகள் ஓதும்போது, கிண்ணம் நிரம்பி வழியும்வரை குடும்பத்தார் சேர்ந்து ஊற்றுவது வழக்கம். தண்ணீர் வழிவது போல நம் நன்மை இறந்தவரிடம் போகட்டும் என்று. எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம். இவர்களோடு அல்ல.

கடைசி மாதம் அம்மா கிள்ளானில் அண்ணன் வீட்டில் இல்லை. ஜெஞ்சாரோமில் ஒரு முதியோர் இல்லத்தில். எனக்குத் தெரியாது. போன் பண்ணும்போதெல்லாம் அண்ணி, "அத்தை தூங்குறாங்க கலா." அம்மா செத்த பிறகுதான் அண்ணன் இடத்தைச் சொன்னான். வாட்ஸ்அப்பில், வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாக.

மலருக்கு எழுதிப் பார்த்தது: வினை விதைத்தவன் வினை அறுப்பான். போதனை: எண்ணிச் செய்வதே வினை, எண்ணம்தான் விதை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணன் எதை அறுப்பான் என்று யோசிக்க ஆரம்பித்தேன். சர்க்கரை முற்றிக் காலை எடுப்பார்கள். அவன் மகனே அவனை அதே இல்லத்தில் விடுவான். அண்ணி போனில், "அவர் தூங்குறாரு." சுகமாக இருந்தது. சோறு வடிக்க மறந்து குழைந்துவிட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

பல் டாக்டர், ஒத்திவைத்தாயிற்று. லிஃப்ட் மறுபடி கெட்டது. எல்.ஆர்.டி. ரயிலில் பின்னால் நின்ற பெண் தோழியிடம்: "மாமியார் போனப்புறம்தான் அவளுக்குப் பாசம் பொங்குது லா." யாரைப் பற்றியோ.

சாயந்திரம் அண்ணி போன்.

"கலா, சனிக்கிழம எப்ப வரணும்? நாங்க இந்த மாதிரியெல்லாம் செஞ்சது இல்ல பாரு."

"மதியம் வாங்க."

"படையல் நேரத்துக்கு, பன்னெண்டர போல? சரியா இருக்குமா?"

"ம்."

பிக்குகள் உச்சிவேளைக்குப் பிறகு எதையும் உண்ண மாட்டார்கள். தானம் பதினொரு மணிக்கு. வீட்டில் மதியம் படையல் போட்டே பழகிய அவளுக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும்.

நல்வாக்குக்கு விலக்க வேண்டியவை நான்கு. பொய், கோள், கடுஞ்சொல், வெற்றுப்பேச்சு. ஒரு "ம்" இதில் எதிலும் சேராது.

பொறுத்தார் பூமி ஆள்வார். எழுதினேன், அடித்தேன். பூமி யாருக்கு வேண்டும்.

ஏப்ரல் 26, சனி

வெயில். தாமரை கிடைத்தது, ஓரம் கறுத்திருந்தது.

பெரிய பிக்கு ஆங்கிலத்தில் கேட்டார், குடும்பத்தார் எல்லாரும் வந்தாயிற்றா என்று. வந்தாயிற்று என்றேன். அங்கிள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தனியாகப் பிடித்தால் கூஜா கனம். சாய்ந்து பாதித் தண்ணீர் பாயில். கிண்ணம் நிரம்பி வழிந்தபோது நான் நினைத்தது அம்மாவை இல்லை. சுவரில் இருந்த கடிகாரத்தை.

சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தார்கள். அண்ணன் வேட்டியில். அண்ணி கையில் எவர்சில்வர் தூக்கு, அத்தைக்குப் பிடித்த நெத்திலிச் சம்பலாம்.

"சாமிங்க எங்க?"

"சாப்பிட்டுப் போயாச்சு."

அங்கிள்: "பன்னெண்டுக்கு மேல தொட மாட்டாங்கம்மா. கலா சொல்லலியா?"

அண்ணன் முந்திக்கொண்டு, "ஃபெடரல் ஹைவேல ஜாம் அங்கிள். நாந்தான் லேட்டு."

"லேட்டெல்லாம் இல்லங்க. அவ சொன்ன நேரத்துக்குத்தான் வந்தோம்." அண்ணி என்னைப் பார்த்தாள். "நான் அத்தை தூங்குறாங்கன்னு சொன்னதுக்கா?"

"ஆமா."

"சரி. இப்ப நீயும் நானும் ஒண்ணு."

தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குப் போனாள். அண்ணன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஊத்தியாச்சாம்மா?"

"ஆச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டு அவனும் காருக்குப் போனான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதில் தயாராக வைத்திருந்தேன். அங்கிள் குனிந்து பாயைத் துடைத்துக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. இரவெல்லாம் மழை, துணி காயவில்லை.

மலருக்கு அனுப்பியது ஒன்றே ஒன்று. தன் வினை தன்னைச் சுடும். கீழே போதனை, இரண்டு வரி. உதாரணம் கேட்டு அங்கிள் மெசேஜ். என்னிடம் இருக்கும் உதாரணத்தைப் போட முடியாது.

அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்ததா? தெரியவில்லை. அதைக் கெடுத்தது அவர்கள் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மதியம் தூக்கைத் திறந்தேன், கொட்டிவிடலாம் என்று. நெத்திலி மொறுமொறுப்பு, புளி, கடைசியில் துளி வெல்லம். அச்சு அசல் அம்மா கைப்பதம். எனக்கு இன்றுவரை வராதது. அண்ணி அம்மா பக்கத்தில் நின்று கற்றிருக்கிறாள். எத்தனை நாள் நின்றாளோ. அதற்கும் கோபம் வந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் தின்றேன்.

கழுவிக் கவிழ்த்தாயிற்று. அண்ணிக்கு மெசேஜ்: "தூக்கு எங்கிட்ட இருக்கு. நான் கொண்டு வர மாட்டேன். வந்து எடுத்துக்கங்க."

படித்துவிட்டாள்.