சாய்ந்த புளியமரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு

அம்மா,

எலவனாசூர்கோட்டைக்கு வெளியே சாலையை அகலப்படுத்துகிறார்கள். இன்று காலை பஸ்ஸை நிறுத்திவிட்டு ஒரு புளியமரத்தை அறுத்துச் சாய்த்தார்கள். பச்சை மரம் அறுபடும் வாசனை ஜன்னல் வழியே வந்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. இந்த வயதிலும் அந்த வாசனை வந்தால், இதோ ஆட்டத்துக்கு விசில் ஊதப் போகிறார்கள் என்றுதான் உடம்பு நினைத்துக்கொள்கிறது.

அந்த ஆட்டம் நடந்தபோது தங்கச்சி மலர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய். "இதுக்கு இன்னும் சரியான மருந்து கண்டுபிடிக்கலைம்மா" என்று டாக்டர் சொன்னார். அழுதுகொண்டிருந்த நீ, அவர் சொன்னதில் அந்த 'இன்னும்' ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாய். "இன்னும்னுதான சொன்னாரு? அப்ப ஒருநா கண்டுபுடிப்பாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாய்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் கூடைப்பந்துக் குழுவை நடத்தியவர் துணிக்கடை பாய். மருந்து ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, டிக்கெட் போட்டு ஒரு போட்டி நடத்தலாம் என்று அவர் ஆரம்பித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான். "பந்த கூடையில போட்டா நோவு எப்டிடா ஓடும்?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் களை வெட்டப் போன இடத்தில் ஒரு கட்டு டிக்கெட்டையும் விற்றுவிட்டு வந்து நின்றாய். நீ லேசுப்பட்ட ஆளா?

இறுதி ஆட்டத்தன்றுதான் சாலை மறியலும் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டம். கேட்டதில் நியாயம் இருந்தது. கல்லூரியில் இடம் கிடைக்காமல் திரும்பிய எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊரே கோயில் முன்னால் கூடி முடிவு செய்தது. வீட்டுக்கு ஒரு ஆள் சாலையில் வந்து உட்கார வேண்டும். வராத வீட்டின் நல்லது கெட்டதுக்கு ஒருவரும் போகக் கூடாது. அப்பா இல்லாத நம் வீட்டில் ஆள் என்றால் நான்தான். ஆனால் எங்கள் குழுவின் வெள்ளிமலைப் பையன், மலைப் பஸ் நின்றுபோனதால் இறங்க முடியாமல் கிடந்தான். என்னைச் சேர்த்தால் சரியாக ஐந்து பேர். ஐந்து பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. தொடங்காவிட்டால் டிக்கெட் காசையெல்லாம் திருப்பித் தந்தாக வேண்டும்.

"நான் மறியலுக்கே போறம்மா. நாளைக்கு உன்னத் தூக்க நாலு பேரு வேணுமில்ல?" என்றேன் எரிச்சலில்.

"செத்தப்புறம் எனக்கு இன்னாடா கவல? நாறுனா தானா வந்து தூக்குவானுங்க. நீ போயி ஆடு. ஊர்ல நான் பேசிக்கறேன்."

பெரியவர்கள் காலில் விழுந்து கெஞ்சப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். விடியும்போதே சைக்கிளில் கிளம்பினேன். ஏரிக்கரை வழியாகப் போயும், சாலையைத் தொட்ட இடத்திலெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினேன்.

அரிசி ஆலையில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம்தான் எங்கள் மைதானம். கடைகள் அடைத்திருந்ததால் கடைவீதியே அங்கே திரண்டிருந்தது. முந்தின நாளே வந்து தங்கியிருந்த திருக்கோவிலூர்க்காரர்கள் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஷூ கட்டும்போது பாய் வந்து பக்கத்தில் குந்தினார். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, உங்க ஊர்லேர்ந்து ஒருத்தரு வந்துக்கிறாரு. ரோட்டுல போலீசு வந்து, கூட்டம் தெறிச்சி ஓடிச்சாம். ஒரு அம்மா மட்டும் ஓடலியாம். 'வூட்டுக்கு ஒரு ஆளுன்னுதான சொன்னீங்க, ஆம்பளன்னா சொன்னீங்க?'ன்னு காலையிலேர்ந்து வெட்டிப் போட்ட புளியமரத்து மேலயே குந்திக்கினு இருந்தாங்களாம். தள்ளுமுள்ளுல உழுந்துட்டாங்களாம்."

ஊரில் அப்படிக் கேட்க வேறு யாருக்கு வாய் உண்டு?

"எங்கம்மா" என்றேன்.

"போவணும்னா போ. ஜனங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

ஒரு ஷூவை அவிழ்த்துவிட்டேன். உயிர் இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது. ஆனால் உயிரோடிருந்தால், ஆட்டத்தை விட்டு ஓடிவந்த என்னை நீ வீட்டுக்குள் விடமாட்டாய் என்பது தெரியும். கையிலிருந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் எழுந்து தன் மொபெட்டை உதைத்தார். "நீ ஆடு. நான் போயி பாத்துக்கினு வரேன்." மறியல் நடுவே அந்த மனுஷன் போனார்.

ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினேன். என்ன ஆடினேன் என்று கேட்காதே. பந்து ஒரு பக்கம், என் கண் ஆலைக் கதவில். கடைசி நிமிடத்தில் பந்து என் கையில் இருக்கும்போது மொபெட் உள்ளே நுழைந்தது. பின்னால் நீ. பாயின் துண்டில் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு, மிதப்பாக. நான் அப்படியே நின்றுவிட்டேன். திருக்கோவிலூர்க்காரன் பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு போய்ப் போட்டான். ஒரு கூடையில் தோற்றோம்.

அழுதுகொண்டே உன்னிடம் வந்தேன். "தோத்தா இன்னாடா? ஆட்டம் நடந்துச்சில்ல? காச திருப்பித் தரலியே?" என்றாய். அப்புறம்தான் வலிக்கிறது என்று சொன்னாய். அந்த மணிக்கட்டு கடைசிவரை நேராகவில்லை. கோணல் கையாலேயே எனக்குச் சோறு போட்டாய். நீ போனபோது நாலு பேர் என்ன, வீட்டுக்கு ஒரு ஆள் என்று முடிவு செய்த அந்தப் பெரியவர்கள் உட்பட ஊரே வந்து தூக்கியது.

இன்று நான் பஸ் ஏறியது எதற்குத் தெரியுமா? என்னோடு வேலை பார்ப்பவரின் மகளுக்கும் மலருக்கு வந்த அதே நோய். அதே எட்டு வயது. துணைக்கு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மருந்து போதும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க" என்றார். அந்தப் பெண் வராந்தாவில் ஓடினாள். அவளைக் குணமாக்கிய மருந்தில் நம் நெல்லுக் களத்துக் காசு ஒரு சொட்டாவது இருக்குமா, எனக்குத் தெரியாது. நான் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன் அம்மா. கடைசிவரை அவர் 'இன்னும்' என்று சொல்லவில்லை.