வளைவில் நான் சாய்ந்த பக்கம்

திண்டுக்கல்,
திங்கட்கிழமை, காலை.

அன்பு மகள் இளவேனிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், அப்பாவின் காறை எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார், நீயும் கை கால் எல்லாம் முழுசாக இருந்து இதைப் பிரிக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். இந்த இரண்டு வாரமாக நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் இருக்கிறார். அவர் இல்லாத நேரத்தில் உன் மலையில் சிக்னல் இல்லை. இரண்டும் ஒத்துவந்த ஒரே ஒரு நாளில் எனக்கு வாய் வரவில்லை, மழை பெய்கிறதா என்று கேட்டு வைத்துவிட்டேன். இங்கே மழை இல்லை. காற்றுதான், மாடியில் காயப்போட்ட துணி கீழ்வீட்டு ஃபர்ஹீன் வீட்டு வாசலில் கிடக்கிறது. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் புது அலமாரி இரண்டு வந்திருக்கிறது, வைக்க இடம்தான் இல்லை. இமாச்சலத்தில், உன் கின்னௌரில் இப்போதும் குளிரா. சுரங்கச் சாலை வேலைக்குப் போகும்போது அந்தக் கனமான சட்டையைப் போட்டுக்கொள், சாயங்காலம் பாறை சரியும் நேரத்தில் வண்டியில் திரியாதே. நீ இதைக் கேட்க மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

சண்டிகரில் இரண்டு நாள் பைக் ஓட்டும் வகுப்புக்குப் போய் வந்தேன் என்று ஒரு வீடியோ அனுப்பினாயே, அதை நான் இதுவரை பதினாறு முறை பார்த்திருக்கிறேன். ஆசையால் அல்ல. இடுப்பு பாதி சீட்டுக்கு வெளியே, முழங்கால் தரையை நோக்கி, தலை வளைவுக்கு உள்ளே. விழப்போகிறாள் என்றே ஒவ்வொரு முறையும் தோன்றும். நீ விழவில்லை. அன்று போனில் அப்பா குளிக்கப் போயிருந்தபோது நீ விளக்கிக்கொண்டே போனாய். கையால திருப்புறதில்லம்மா, ஒக்காந்திருக்குற எடத்தால திருப்பணும், வெளிப்பக்கக் கால் டேங்க்க இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா மேலுடம்பு லேசாயிரும், அப்பதான் உள்பக்கமா எறங்க முடியும் என்றாய். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு உம் கொட்டிக்கொண்டிருந்தேன். பிறகு நீ போகிறபோக்கில் இன்னொன்று சொன்னாய். பின்னாடி இருக்கவங்களும் வண்டியோடயே சாயணும்மா, பயந்துக்கிட்டு எதிர்ப்பக்கம் சாஞ்சாங்கன்னா வண்டி நிமிந்துரும், வளைவ விட்டு நேரா வெளிய போயிரும், ஓட்டுறவன் என்ன பண்ணாலும் ஆகாது. என் கையில் கத்தி நின்றுவிட்டது. நீ வேறு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாய். நான் அந்த வாக்கியத்திலேயே நின்றேன். இன்னும் நிற்கிறேன்.

மாசி மாதம் ஆடலூரில் சிவனம்மாள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டு இறங்கினோம். சேலை கட்டியிருந்தேன், எப்போதும் போல ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தேன், இரண்டு காலும் இடது பக்கம், மடியில் அத்தை கொடுத்த வாழைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் உட்கார்கிறேன், ஊரில் எல்லாரும் அப்படித்தான். கன்னிவாடிக்கு மேலே மூன்றாவதோ நான்காவதோ வளைவு. வலது வளைவு. எனக்கு நேர் எதிரே பள்ளம், அதன் அடியில் ஒரு தென்னந்தோப்பு, மரங்களின் தலை மட்டும். அப்பா வண்டியை வலது பக்கம் சாய்த்தார். இடது பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவளுக்கு வலது பக்கம் சாய்வது என்றால் முதுகுப்பக்கமாக விழுவது, இளவேனில். பின்னால் ஒன்றும் இல்லை, பிடிக்க ஏதும் இல்லை. உடம்பு முன்னால் பாய்ந்தது, பள்ளத்தின் பக்கம். வண்டி நிமிர்ந்தது. ஒரு கணம் எல்லாம் நேராக, சுகமாக இருந்தது. பிறகு சரளைக்கல், ஓரத்துக் கட்டைச் சுவர், அப்பாவின் தோள். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். வாழைத்தார் கூட நசுங்கவில்லை.

நீ பதறிக்கொண்டு வந்து நான்கு நாள் இருந்தாய். எம்புட்டு வேகத்துல போனீங்கப்பா என்று கேட்டாய். அப்பா யோசித்து, அம்பது இருக்கும் என்றார். பெரியப்பா மொக்கைச்சாமி வந்து கேட்டபோது அறுபது என்றார். வயசு அம்பத்திமூணாச்சு, இன்னும் எளந்தாரின்னு நெனப்பா ஒனக்கு என்று பெரியப்பா எல்லார் முன்னாலும் வைதார், அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். முப்பதுக்கு மேல் போகவில்லை. எனக்குத் தெரியும், அதற்குச் சற்று முன்புதான் அவர் தோளுக்கு மேலாக வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தேன், நான் எப்போதும் பார்ப்பேன். சொல்லவில்லை. மயக்கமாக இருந்தது, பிறகு ஆஸ்பத்திரி, பிறகு சொல்லாததே பழகிவிட்டது. அவர் தன் நினைவில் ஒவ்வொரு வாரமும் பத்துப் பத்தாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்.

கட்டுப் பிரித்த பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. தெருமுனையில் திரும்புவதற்கு இரண்டு காலையும் தரையில் ஊன்றி, தவழ்வது போலப் போனார். முப்பது வருடமாகத் தோட்டம் தோட்டமாகப் போய்க் கிணற்று மோட்டார் பழுது பார்க்கிற மனிதர். கை சொல்றத வண்டி கேக்க மாட்டேங்குது கௌசல்யா என்றார். கண் பரிசோதனைக்குப் போனார், கண்ணில் ஒன்றுமில்லை. அவருடைய அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்த வயதை எண்ணிப் பார்த்தார். டம்ளரில் தண்ணீரை நிரப்பி, கையை நீட்டிப் பிடித்து, நீரின் மேல்பரப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தோட்டக்காரர்கள் கூப்பிட்டால் பஸ் இருந்தால் வாரேன் என்றார். பஸ் போகாத தோட்டங்கள்தான் அவருக்கு அதிகம். கடைசியில் பழைய வண்டி வாங்கி விற்கும் பீர் முகமதுவை அழைத்து வந்தார். அவன் வண்டியைச் சுற்றி வந்து, அண்ணே, பொண்டாட்டிய விட வண்டியத்தான் நல்லா வச்சிருந்திருக்கீக, ஏண்ணே தள்ளுறீக என்று கேட்டான். அப்பா சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்க என்றார்.

உன் போனுக்குப் பிறகு இரண்டு வாரம் நான் தூங்கியது குறைவு. சொன்னால் மறுபடி ஓட்டுவார். ஓட்டினால் விழலாம். விழுந்தால் என் சொல்லால் விழுந்ததாகும். சொல்லாவிட்டால் அந்த டம்ளர். இன்னொன்றும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். வண்டி போகட்டும் என்று உள்ளே ஒரு நிம்மதி இருந்தது. அவர் தன்னைச் சந்தேகப்படுவதை விலையாகக் கொடுத்து வாங்கிய நிம்மதி. அது என்னுடையது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். ரசத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, எனக்கு ஆறுதல் சொல்றியாக்கும், நல்லாத்தான் கத கட்டுற என்றார். நம்பவில்லை. நான் உன் பெயரைச் சொன்னேன், வகுப்பைச் சொன்னேன், வீடியோவைக் காட்டினேன். அவ ஓட்டுற வண்டி வேற, நம்ம வண்டி வேற என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்ப நாளைக்கு வாங்க, செஞ்சே காட்டுறேன் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது.

ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு நகர் போட்டிருக்கிறார்கள், நீ பார்த்ததில்லை. வளைவு வைத்த வாசல், நல்ல தார் ரோடு, மஞ்சள் அடித்த எல்லைக் கற்கள், ஒரு வீடு கூடக் கிடையாது. ஆடுகள் மட்டும். ஞாயிறு காலை அங்கே போனோம். அதே சேலை, அதே போல ஒருபக்கமாக உட்கார்ந்தேன். பூங்கா என்று பலகை வைத்த மூலையில் வலது பக்கம் திரும்ப வேண்டும். அப்பா நடக்கிற வேகத்தில் போனார். இப்பச் சாயி என்றார். சாய்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பாத்தியா என்றார். மறுபடி போனோம். மறுபடி ஒன்றுமில்லை. அன்னைக்குச் சாஞ்ச மாதிரி சாயி என்றார். அன்னைக்கு நானாச் சாயலங்க, ஒடம்பு சாஞ்சது என்றேன். ஒரு ஆடு என் முந்தானையைத் தின்ன வந்தது. வேகமாப் போங்க, நான் பயப்படணும் என்று சொன்னேன். நானும் பயப்படணுமே என்றார்.

போனார். முள் முப்பதைத் தொட்டது. அவர் முதுகு நடுங்கியது எனக்குத் தெரிந்தது, என் கை அதில்தான் இருந்தது. மூலை வந்தது, அவர் சாய்த்தார், நான் எதுவும் செய்யவில்லை, சத்தியமாக எதுவும் செய்யவில்லை, உடம்பு தானாகவே முன்னால் பாய்ந்தது. வண்டி நிமிர்ந்து ரோட்டை விட்டு நேரே பிளாட்டுக்குள் போய், எல்லைக்கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஆடுகள் நாலா பக்கமும். அவர் இரண்டு காலையும் ஊன்றி, கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டார். இதா என்றார். இதான் என்றேன். அன்னைக்கும் முப்பதா என்று கேட்டார். முப்பதுதான் என்றேன். வண்டியிலிருந்து இறங்கி அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். நாலு மாசம் பாத்துக்கிட்டே இருந்தியே தாயி என்றார். திட்டவில்லை, அவ்வளவுதான் சொன்னார். அதன் பிறகு நேற்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. பீர் முகமது வந்தபோது, இல்லப்பா, வண்டி குடுக்கல என்றார். அவன் ஏன் என்று கேட்டதற்கு, நல்லாத்தான் ஓடுது என்றார்.

இன்று காலை பேசினார். புதன்கிழமை சிவனம்மாள் அத்தையின் பேத்திக்குக் காது குத்து, ஆடலூருக்கு வண்டியில் போகிறோம், இரண்டு பேரும். பஸ் இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. தெருமுனைத் தையல்காரரிடம் சுடிதார் ஒன்று கொடுத்திருக்கிறேன், நாளை தருவார். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரப் போகிறேன், இருபத்தாறு வருடம் கழித்து. என்ன மதினி, காலேசுக்குக் கெளம்பிட்டீகளா என்று உன் அத்தை கேட்கத்தான் போகிறாள், கேட்கட்டும். வளைவில் அவருடைய உள்பக்கத் தோளுக்கு மேலாகப் பார்ப்பேன், நீ சொன்னபடி அவர் சாயும்போது சாய்வேன். சற்று முன்பு நாற்காலியில் உட்கார்ந்து பழகிப் பார்த்தேன். நாற்காலியில் எளிது. மலையில் உடம்பு என்னிடம் கேட்காது, அதுதான் எனக்குத் தெரிந்துவிட்டதே. இறங்கும்போது அந்த வளைவு வரும். தென்னை மரங்களின் தலைகள் வரும்.

இந்தக் கடிதம் உன்னிடம் வர ஏழெட்டு நாள் ஆகும். நீ படிக்கும்போது அது நடந்து முடிந்திருக்கும், எப்படி என்று உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் இப்போது தெரியாது. அப்பாவிடம் இனி வேகத்தைப் பற்றிக் கேட்காதே, நீ அன்று கேட்டதற்கு உன்னைக் குறை சொல்லவில்லை, நான் பதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். உன் பின்னால் யாரையாவது ஏற்றினால் முதலில் அவர்களிடம் பயமா என்று கேள். இல்லை என்று சொல்வார்கள். இன்னொரு தரம் கேள்.

நல்லா இரு. நீ போகிற ரோடெல்லாம் உனக்கு நல்ல ரோடாக இருக்கட்டும். கையுறையை மறக்காதே, சாப்பாட்டை ஒத்திப்போடாதே.

பயத்தோடும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பாசத்தோடும்,
உன் அம்மா
கௌசல்யா

பின்குறிப்பு: அப்பா இப்போது கீழே வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கட்டை வலது பக்கம் மடங்கியே கிடந்து துருப்பிடித்துவிட்டது, அதற்கு எண்ணெய் போட்டு இழுத்து விடுகிறார். தட்டுகிற சத்தம் கேட்கிறது. இன்னும் திறக்கவில்லை.